பால் கணக்குப் பக்கத்தில் ஒரு வட்டம்!

மாதவிலக்குக்கு முந்தைய அவஸ்தை... கர்ப்பத்தடை... இரண்டுக்கும் உதவும் ஒரே நோட்டு!

‘‘மாசத்துல மூணு வாரம் நான் நானாத்தான் இருக்கேன். தேதி நெருங்க நெருங்க என்னமோ பிசாசு பிடிச்ச மாதிரி ஆயிடுது. மார்பு கனக்குது, வயிறு உப்புசம், தலைவலி. பையன் ஹோம்வொர்க் எழுதலைன்னா ஓங்கி ஒரு அறை. குழம்புல உப்பு கம்மின்னு அவர் சொன்னா, பொலபொலன்னு கண்ணீர். தூரமான மறுநாளே எல்லாம் சரியாப் போயிடுது. ‘ஏன் அப்படிக் கத்தினோம்’னு எனக்கே வெட்கமா இருக்கு!’’

இப்படிப் புலம்பாத பெண்கள் குறைவு. புலம்பலோடு நின்றால் பரவாயில்லை. அடுத்ததாக ஒரு காரணத்தைத் தேடிப் பிடிப்பார்கள். ‘காப்பர்-டி போட்டதுலேர்ந்துதான் இப்படி’ என்பார் ஒருவர். ‘மாத்திரை சூடு, உடம்புக்கு ஒத்துக்கலை’ என்பார் இன்னொருவர். ‘ஆபரேஷன் பண்ணினதும் உடம்பு கெட்டுப் போச்சு’ என்பார் மூன்றாமவர். பக்கத்து வீட்டு அக்காவும் ஊரிலிருந்து வந்த சித்தியும், ‘முதல்ல அதை எடுத்துடு. நமக்கெல்லாம் இயற்கைதான் நல்லது’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

காப்பர்-டி வெளியே வந்துவிடும். மாத்திரை அட்டை பாதியில் அலமாரிக்குள் போய்விடும். ஆனால், ‘சரி, இனிமே என்ன செய்யப் போறோம்?’ என்ற கேள்வியைக் கணவனும் கேட்பதில்லை, மனைவியும் கேட்பதில்லை. இரண்டு மாதம் கழித்து, தேதி தள்ளிப் போன பிறகுதான் இருவரும் திருதிருவென்று விழிப்பார்கள். கடைசியில் அந்த எரிச்சலும் கோபமும் தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை!

ஆகவே, எதையும் நிறுத்துவதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது. செலவே இல்லாத வேலை. அதைச் சொல்வதற்கு முன், உடம்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

ஒரு மாதத்தில் இரண்டு பாதி

மாதவிலக்கு ஆரம்பிக்கும் நாளை முதல் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 28 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்கு, ஏறக்குறைய 14-ம் நாள் வாக்கில் சினைப்பையிலிருந்து ஒரு முட்டை வெளியே வரும். அதுவரைக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் ராஜ்ஜியம். முட்டை வந்த பிறகு புரோஜெஸ்டிரோன் சேர்ந்துகொள்கிறது. கரு தங்கவில்லை என்றால், மாதவிலக்குக்குச் சில நாட்கள் முன்பு இந்த இரண்டுமே சரசரவென்று இறங்கும்.

இந்த ஏற்ற இறக்கம் எல்லாப் பெண்களுக்கும் பொதுவானதுதான். சிலருடைய மூளை மட்டும் இதை அதிகமாக உணர்கிறது. மனநிலையைச் சீராக வைத்திருக்கும் செரடோனின் போன்ற ரசாயனங்களில் மாற்றம் ஏற்படுகிறது. அதனால்தான் எரிச்சல், அழுகை, தூக்கமின்மை, இனிப்பைத் தேடும் ஆசை, மார்பில் வலி, கால் வீக்கம் எல்லாம். இதற்கு ‘பி.எம்.எஸ்.’ என்று பெயர். மாதவிலக்குக்கு முந்தைய உபாதைகளின் தொகுப்பு. 1953-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த டாக்டர்கள் காத்தரினா டால்டனும் ரேமண்ட் கிரீனும் இந்தப் பெயரில் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். ஆக, இது கொழுப்பும் இல்லை, திமிரும் இல்லை. மாமியாரும் கணவரும்கூடத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பி.எம்.எஸ். என்பது முட்டை வெளியான பிறகு, அதாவது சுழற்சியின் இரண்டாவது பாதியில்தான் வரும். மாதவிலக்கு ஆரம்பித்த சில நாட்களில் மறைந்துவிடும். அதற்குப் பிறகு குறைந்தது ஒரு வாரமாவது நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதியான வாரமே இல்லை, மாதம் முழுக்க இப்படித்தான் என்றால், அது பி.எம்.எஸ். அல்ல. தைராய்டு, ரத்தசோகை, மனச்சோர்வு என்று வேறு காரணங்களைத் தேட வேண்டும்.

அந்தச் சின்ன வேலை

நம் வீடுகளில் சமையலறைச் சுவரில் மாத காலண்டர் ஒன்று தொங்கும். பால் கணக்கு, காஸ் சிலிண்டர் வந்த தேதி, வேலைக்காரம்மா வராத நாள்... எல்லாம் அதில் இருக்கும். வீட்டுக்காரியின் உடம்புக் கணக்கு மட்டும் இருக்காது. அதையும் எழுத ஆரம்பியுங்கள்.

மாதவிலக்கு ஆரம்பிக்கும் நாளில் ஒரு வட்டம். தினமும் ராத்திரி படுக்கப் போகும் முன் ஒரு எண். சங்கடம் எதுவும் இல்லை என்றால் 0. லேசாக இருந்தால் 1. வேலையைக் கெடுக்கும் அளவுக்கு என்றால் 2. தாங்க முடியவில்லை என்றால் 3. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு எழுத்து: கோபமா ‘கோ’, அழுகையா ‘அ’, தலைவலியா ‘த’, மார்பு வலியா ‘மா’. மாத்திரை சாப்பிட மறந்த நாளில் ஒரு பெருக்கல் குறி. ‘எல்லார் கண்ணிலும் படுமே’ என்று கூச்சமாக இருந்தால், பீரோவுக்குள் ஒரு பாக்கெட் நோட்டு போதும்.

இரண்டு சுழற்சிக்கு, அதாவது சுமார் இரண்டு மாதத்துக்கு விடாமல் எழுதுங்கள். நினைவிலிருந்து பிறகு எழுதினால் பிரயோஜனம் இல்லை. சண்டை போட்ட நாள்தான் ஞாபகம் இருக்கும்; சிரித்த நாள் மறந்துவிடும். பி.எம்.எஸ்.தானா என்று முடிவு செய்ய டாக்டர்களும் இப்படி இரண்டு மாதக் குறிப்பைத்தான் கேட்கிறார்கள்.

நோட்டு என்ன சொல்லும்? 2-ம் 3-ம் வட்டத்துக்கு முந்தைய வாரத்தில் மட்டும் கூட்டமாக நின்றால், பி.எம்.எஸ். மாதம் முழுக்கச் சிதறிக் கிடந்தால், வேறு ஏதோ. மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் எல்லா நாளும் 2 ஆகியிருக்கிறது என்றால், மாத்திரையைச் சந்தேகப்படலாம். இந்த ஒரு தாள் கையில் இருந்தால், டாக்டரிடம் ‘என்னமோ பண்ணுது டாக்டர்’ என்று சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

சமையலறையிலிருந்து ஆரம்பிக்கலாம்

லேசான, நடுத்தரமான பி.எம்.எஸ்.ஸுக்கு முதல் வைத்தியம் வீட்டிலேயே உண்டு. ஒரே நாளில் பலன் தெரியாது. இரண்டு மூன்று மாதம் பொறுமை வேண்டும்.

கால்சியம்: 1998-ல் அமெரிக்காவில் பி.எம்.எஸ். உள்ள 466 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்குத் தினமும் 1,200 மில்லிகிராம் கால்சியம். மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. மூன்றாவது மாதத்தில் கால்சியம் சாப்பிட்டவர்களுக்கு உபாதைகள் 48 சதவிகிதம் குறைந்தன. வெறும் மாத்திரைக்காரர்களுக்கும் 30 சதவிகிதம் குறைந்தது! இதில் இரண்டு பாடம் இருக்கிறது. கால்சியம் உதவுகிறது. அதே சமயம், ‘இதைச் சாப்பிட்டேன், சரியாயிடுச்சு’ என்று யாராவது சொல்வதை மட்டும் வைத்து ஒன்றை மருந்து என்று நம்பிவிடக் கூடாது.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்பது நம் நாட்டு சத்துணவு நிபுணர்களின் கணக்கு. 200 மில்லி பாலில் ஏறக்குறைய 240 மில்லிகிராம் கிடைக்கும். 100 கிராம் கேழ்வரகில் முந்நூறுக்கு மேல். காலையில் ராகிக் கஞ்சியோ அடையோ, மத்தியானம் கெட்டித் தயிர், சாயங்காலம் ஒரு எள்ளுருண்டை, வாரத்தில் மூன்று நாள் முருங்கைக்கீரைப் பொரியல், அசைவம் சாப்பிடுபவர்களுக்கு முள்ளோடு நெத்திலி... தாராளமாகத் தேறிவிடும். மாத்திரையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். கால்சியம் மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்காதீர்கள். ஒன்று மற்றதைச் சேரவிடாது.

வைட்டமின் பி6: ஓரளவு உதவலாம் என்று 1999-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. ஆதாரம் அத்தனை பலமில்லை. ‘வைட்டமின்தானே’ என்று மாதக்கணக்கில் அதிக அளவில் சாப்பிட்டால் கை, கால் நரம்புகள் மரத்துப் போகும். சொந்தமாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

உப்பும் காபியும்: அந்த ஒரு வாரத்துக்கு ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு, சிப்ஸ் ஆகியவற்றைக் குறைத்துப் பாருங்கள். உப்புசமும் கால் வீக்கமும் சிலருக்குக் குறையும். நான்கு டம்ளர் காபி குடிப்பவர்கள் இரண்டாக்கலாம். சாயங்காலக் காபியை விட்டாலே பலருக்கு ராத்திரித் தூக்கம் நன்றாக வரும்.

நடை: தினமும் அரை மணி நேரம், கை வீசி நடக்கிற நடை. ‘நாள் பூரா வீட்ல நடந்துக்கிட்டுத்தானே இருக்கேன்’ என்று சொல்லாதீர்கள். அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடப்பது வேறு, மூச்சு வாங்க நடப்பது வேறு. மொட்டை மாடியிலேயே நடக்கலாம்.

கஷாயங்கள்: சுக்குத் தண்ணீரும் வெந்நீர்ப் பையும் மாதவிலக்கு வயிற்று வலிக்கு இதமாக இருக்கும். குடிக்கலாம், ஒற்றடம் கொடுக்கலாம். ஆனால், ‘ஹார்மோனைச் சரி பண்ணும்’ என்று விற்கிற லேகியம், பொடி வகைகளில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் சாப்பிடாதீர்கள்.

இன்னொன்று. பிள்ளையின் பரீட்சை, விருந்தாளி வருகை, பீரோ ஒழிப்பது, மாமியாரோடு பழைய கணக்குப் பேசுவது... தள்ளிப்போட முடிந்தவற்றை அந்த வாரத்திலிருந்து நகர்த்திவிடுங்கள். தேதி முன்கூட்டியே தெரிந்திருப்பதன் லாபம் இதுதான்!

எந்த முறை... எவ்வளவு உத்தரவாதம்?

இப்போது கர்ப்பத்தடைக்கு வருவோம். எல்லா வீட்டுக்கும் பொருந்துகிற ஒரே முறை என்று எதுவும் இல்லை. அவரவர் உடம்பு, வயது, அடுத்த குழந்தை எப்போது என்ற திட்டம் ஆகியவற்றைப் பொறுத்துத்தான் தேர்வு. பி.எம்.எஸ். உள்ளவர்கள் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: ‘இது என் ஹார்மோன் சுழற்சியைத் தொடுமா, தொடாதா?’

ஆணுறை: ஹார்மோனே கிடையாது. மனைவியின் சுழற்சியைத் தொடாது. பால்வினை நோய்களிலிருந்தும் பாதுகாப்பு தருவது இது ஒன்றுதான். 1968-லிருந்து ‘நிரோத்’ நம் நாட்டில் கிடைக்கிறது. நூறு தம்பதிகள் ஒரு வருடம் உபயோகித்தால், நடைமுறையில் 13 பேர் வீட்டில் கர்ப்பம் ஏற்படுகிறது. காரணம் பெரும்பாலும் உறையின் குறை அல்ல. ‘இன்னைக்கு ஒருநாள்தானே’ என்ற அலட்சியம்தான்.

காப்பர்-டி: இதிலும் ஹார்மோன் கிடையாது. 380ஏ வகை பத்து வருடம் வரை இருக்கலாம். 375 வகை ஐந்து வருடம். நூறு பெண்களில் ஒருவருக்கும் குறைவாகத்தான் தோற்கும். பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயேகூடப் பொருத்துகிறார்கள். முதல் மூன்று முதல் ஆறு மாதம் வரை உதிரப்போக்கும் வயிற்று வலியும் கூடலாம். ஏற்கெனவே ரத்தசோகை இருந்தால் முதலில் அதைச் சரி செய்ய வேண்டும். ஆக, அதிகப் போக்குக்கு காப்பர்-டியைக் குறை சொல்லலாம். மாதவிலக்குக்கு முந்தைய வாரத்துக் கோபத்துக்கு அதன் மேல் பழி போடுவது நியாயமில்லை!

கலப்பு ஹார்மோன் மாத்திரை: அரசாங்கம் இலவசமாகத் தரும் ‘மாலா-என்’ இந்த வகை. 21 ஹார்மோன் மாத்திரை, 7 இரும்புச்சத்து மாத்திரை. முட்டை வெளியாவதையே இது தடுத்துவிடுகிறது. அதனால் சிலருக்கு பி.எம்.எஸ். குறைகிறது, மாதவிலக்கு வலியும் போக்கும் குறைகிறது. வேறு சிலருக்கு மனம் சோர்ந்து போகிறது. யாருக்கு எப்படி என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அங்கேதான் நோட்டு கை கொடுக்கும். முதல் மூன்று மாதம் குமட்டல், மார்பு வலி, இடையில் சொட்டுச் சொட்டாகப் படுவது எல்லாம் சகஜம், பெரும்பாலும் அடங்கிவிடும்.

உயர் ரத்த அழுத்தம், கல்லீரல் நோய், மார்பகப் புற்றுநோய், ரத்தக் குழாயில் உறைகட்டி வந்த சரித்திரம், கண்ணில் மின்னல் வெட்டிவிட்டு வரும் ஒற்றைத் தலைவலி, ஆறு மாதத்துக்குக் குறைவான கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவர்கள்... இவர்களுக்கு இந்த மாத்திரை ஆகாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், சில வலிப்பு மருந்துகள் ஆகியவை இதன் வேலையைக் கெடுக்கும். ‘வேற என்ன மருந்து சாப்பிடறீங்க?’ என்று டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். நடைமுறையில் நூற்றுக்கு 7 பேருக்குத் தோற்பதற்கு முக்கியக் காரணம் மறதி. ஒரு மாத்திரை மறந்தால், ஞாபகம் வந்ததும் சாப்பிடுங்கள். தொடர்ந்து இரண்டோ அதற்கு மேலோ மறந்தால், ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு மாத்திரையைத் தொடருங்கள். ஏழு நாளைக்கு ஆணுறையும் அவசியம். டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாரம் ஒரு மாத்திரை: லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடிக்கப்பட்ட ‘சென்ட்குரோமேன்’. 1991-ல் ‘சஹேலி’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. இப்போது அரசு மருத்துவமனைகளில் ‘சாயா’ என்ற பெயரில் தருகிறார்கள். இதில் ஈஸ்ட்ரோஜனோ புரோஜெஸ்டிரோனோ கிடையாது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு. பிறகு வாரத்துக்கு ஒன்று. பால் கொடுக்கும் தாய்மாரும் சாப்பிடலாம். சிலருக்கு மாதவிலக்கு தள்ளிப் போகும். பி.சி.ஓ.டி., கல்லீரல் நோய் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்.

மூன்று மாத ஊசி: அரசுத் திட்டத்தில் 2017 முதல் ‘அந்தரா’ என்ற பெயர். தினமும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால், மாதவிலக்கு ஒழுங்கு மாறும். நாளடைவில் நின்றும் போகலாம். ‘கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடுமோ’ என்ற பயம் வேண்டாம். கர்ப்பப்பை உள்சுவர் வளர்வதே குறைவு என்பதால்தான் போக்கு இல்லை. போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மனநிலை அடிக்கடி மாறுகிறவர்கள் யோசித்துப் போட்டுக்கொள்ள வேண்டும். நிறுத்திய பிறகு கர்ப்பம் தரிக்கச் சில மாதங்கள் தாமதமாகலாம்.

கு.க. ஆபரேஷன்: பெண்ணுக்குச் செய்யும்போது கருக்குழாயை மட்டும்தான் கட்டுகிறார்கள் அல்லது வெட்டுகிறார்கள். சினைப்பைகள் இரண்டும் எப்போதும்போல் ஹார்மோன் சுரக்கின்றன. அதனால் ஆபரேஷன் பி.எம்.எஸ்.ஸைக் கொண்டுவராது, போக்கவும் போக்காது. அப்படியென்றால் ‘அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சுது’ என்று ஏன் தோன்றுகிறது? ஆபரேஷன் வரை மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு, நிறுத்தியதும் பழைய சுழற்சி திரும்புகிறது. அதுவரை அடங்கியிருந்ததும் கூடவே திரும்புகிறது. அவ்வளவுதான்!

‘இயற்கை முறை’ என்றால் சும்மா இருப்பது அல்ல

‘எங்களுக்கு எதுவும் வேணாம், பத்திரமான நாள் பார்த்துக்கறோம்’ என்கிறவர்கள் நிறைய. தவறில்லை. ஆனால், இதுதான் இருப்பதிலேயே அதிக உழைப்பு கேட்கிற முறை.

கணக்கு இதுதான். ஆணின் உயிரணு பெண்ணின் உடம்புக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். முட்டைக்கு ஆயுள் ஒரு நாள். ஆகவே முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும் அபாய நாட்கள். ஆனால், முட்டை எந்த நாளில் வரும் என்று ஜாதகம் எழுதி வைத்திருக்கவில்லை. ஜுரம், பயணம், மனக்கவலை எதுவும் அதைத் தள்ளிப் போடலாம். அதனால்தான் பாதுகாப்புக்காக இடைவெளியை அகலமாக வைக்க வேண்டியிருக்கிறது.

சுழற்சி எப்போதும் 26-லிருந்து 32 நாளுக்குள் இருப்பவர்கள், 8-ம் நாள் முதல் 19-ம் நாள் வரை விலகியிருக்கலாம் அல்லது ஆணுறை உபயோகிக்கலாம். இந்த விதியை அணுவளவும் மீறாமல் கடைப்பிடித்தால் ஒரு வருடத்தில் நூற்றுக்கு 5 பேருக்குக் கர்ப்பம் ஏற்பட்டதாக ஆய்வு சொல்கிறது. அப்படி இப்படி இருந்தவர்களையும் சேர்த்தால் 12. வருடத்தில் இரண்டு தடவை சுழற்சி இந்த எல்லையைத் தாண்டினால், இந்த முறை உங்களுக்கு இல்லை. பி.சி.ஓ.டி. உள்ளவர்கள், சமீபத்தில் பிரசவித்தவர்கள், மாதவிலக்கு நிற்கும் வயதை நெருங்குகிறவர்கள் ஆகியோருக்கும் இது உதவாது. செல்போனில் தேதி சொல்லும் ‘ஆப்’களும் பழைய தேதிகளை வைத்துத்தான் கணிக்கின்றன. அவை உங்கள் சினைப்பைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை.

‘மார்பு வலிக்க ஆரம்பிச்சாச்சு, இனிமே பயமில்லை’ என்று பி.எம்.எஸ்.ஸையே அடையாளமாக வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. வேண்டாம். சிலருக்கு முட்டை வெளியாகும் சமயத்திலேயே மார்பு வலிக்கும். ஆண் கடைசி நிமிடத்தில் விலகிக்கொள்வதை நம்பினால், நூற்றுக்கு 20 பேர் ஒரு வருடத்தில் ஏமாறுகிறார்கள்.

தாய்ப்பாலும் ஓர் இயற்கைத் தடைதான். ஆனால், மூன்று நிபந்தனைகள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது. இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே தர வேண்டும். மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றில் ஒன்று போனாலும் வேறு முறை வேண்டும்.

இவை கர்ப்பத்தடை அல்ல!

* விசேஷம், கோயில் யாத்திரைக்காகத் தேதியைத் தள்ளிப் போடச் சாப்பிடும் மாத்திரை. அது மாதவிலக்கைத்தான் தள்ளும். அதைக் கர்ப்பத்தடையாக நம்பக் கூடாது.

* பப்பாளி, அன்னாசி, எள், கருஞ்சீரகம். ‘சாப்பிட்டா கலைஞ்சிடும்’ என்று காத்திருந்து நாளை வீணாக்கியவர்கள் பலர்.

* உறவு முடிந்ததும் கழுவிக்கொள்வது. உயிரணுக்கள் அதற்குள் உள்ளே போயிருக்கும்.

* அவசரக் கால மாத்திரை. 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் சாப்பிட வேண்டியது. எப்போதாவது ஒருமுறை கை கொடுக்கும். மாதாமாதம் நம்பினால் சுழற்சியும் குழம்பும், கர்ப்பமும் தங்கும்.

இத்தனைக்கும் மீறித் தேதி தள்ளிப் போனால், மருந்துக் கடையில் எதையாவது வாங்கிச் சாப்பிடாதீர்கள். கருக்கலைப்பு நம் நாட்டில் 1971-ம் வருட சட்டப்படி, தகுதி பெற்ற டாக்டரிடம் சட்டபூர்வமாகச் செய்யக்கூடியது. ‘கர்ப்பத்தடை தோற்றுப் போனது’ என்பதும் சட்டம் ஏற்றுக்கொள்ளும் காரணம். 2021-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, இது மணமாகாத பெண்களுக்கும் பொருந்தும்.

கணவர்களுக்கு இரண்டு வார்த்தை

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, நாட்டில் 15-லிருந்து 49 வயதுக்குள் உள்ள மணமான பெண்களில் 37.9 சதவிகிதம் பேர் கு.க. ஆபரேஷனை நம்பியிருக்கிறார்கள் என்கிறது. கணவர் ஆபரேஷன் செய்துகொண்டது வெறும் 0.3 சதவிகிதம்! பெண்ணுக்கு வயிற்றுக்குள் கருவியை விட்டுச் செய்ய வேண்டும். ஆணுக்கோ கத்தி இல்லாமல், தையல் இல்லாமல், மரத்துப் போக ஊசி போட்டு, சின்னத் துளை வழியாகச் சில நிமிடங்களில் முடிகிற காரியம். அன்றே வீட்டுக்குப் போகலாம். ஆண்மை குறையாது; ஆண் ஹார்மோன் எப்போதும்போல் சுரக்கும். மூன்று மாதம் ஆணுறை உபயோகித்து, விந்துப் பரிசோதனையில் உயிரணு இல்லை என்று தெரிந்த பிறகு விட்டுவிடலாம்.

மாதவிலக்கு வரும் தேதி உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும். ‘உனக்கு இன்னைக்கு அந்த வாரமா?’ என்று கேலி செய்வதற்காக அல்ல. அன்றைக்கு இரவு டிபனை வெளியே வாங்கி வரவும், பிள்ளையின் ஹோம்வொர்க்கை நீங்கள் பார்க்கவும்தான். அவர் நிஜமாகவே ஒரு நியாயமான கோபத்தைச் சொல்லும்போது, ‘இதெல்லாம் ஹார்மோன்’ என்று தட்டிக் கழிக்காதீர்கள். காரணம் உள்ள கோபமும் உண்டு!

எப்போது டாக்டர்?

மாதாமாதம் அந்த வாரத்தில் ஆபீசுக்கு லீவு போட வேண்டியிருக்கிறது, உறவுகள் முறிகிற அளவுக்குச் சண்டை, வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம்... இப்படி இருந்தால் அது சாதாரண பி.எம்.எஸ். அல்ல. நூற்றில் சிலருக்கு வரும் தீவிர வடிவம். ராகிக் கஞ்சியும் நடையும் போதாது. இதற்கு நல்ல மருந்துகள் உண்டு. சிலருக்கு இரண்டாவது பாதியில் மட்டும் சாப்பிட்டாலே போதுமானதாக இருக்கிறது. மகளிர் மருத்துவரோ, மனநல மருத்துவரோ... இருவரிடமும் போகலாம், வெட்கம் தேவையில்லை. உயிரை விடும் எண்ணம் வந்தால் அடுத்த வட்டம் வரை காத்திருக்காமல் உடனே வீட்டில் சொல்லுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் பேசலாம்.

மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் திடீரென்று ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ, பார்வை மங்கினாலோ ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். காப்பர்-டி போட்டவர்களுக்கு அடிவயிற்று வலியோடு ஜுரம், துர்நாற்றமான வெள்ளைப்படுதல், அல்லது தேதி தள்ளிப் போதல் இருந்தாலும் அப்படித்தான்.

மற்றபடி, ஒரு முறை பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஒரே ஒரு நிபந்தனை. அடுத்த முறை கையில் வந்த பிறகுதான் பழையதை விட வேண்டும். பழைய வீட்டைக் காலி செய்வதற்கு முன் புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதில்லையா... அதே கதைதான்!